மதுவை விட்டு பத்தாண்டு
(தோட்டக் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)



இத்தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர் ஒருவர் மதுவைத் தொடாமல் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறார். அதைக் கொண்டாடவே கூடியிருக்கிறோம். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் யாரென்று லயத்துக் குழந்தைகளுக்கும் தெரியும்.

மதுவை எதிர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஊதிய உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். எனினும் கடையை மூடுவது வேறு. குடித்துப் பழகியவரின் கை மீண்டும் அதை நாடாமல் காப்பது வேறு.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் பில் வில்சன் என்பவர் தொழில் நிமித்தமாகச் சென்றார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியிலேயே மதுக்கூடம்! உள்ளே நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சினார். அப்போது அவர் தேடியது அறிவுரை கூறுபவரை அன்று. தம்மைப்போல் குடியால் துன்புறும் இன்னொருவரை. தொலைபேசியில் பலரிடம் விசாரித்து, பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரத்திற்கே இசைந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் பின்னரும் மருத்துவர் ஒருமுறை தவறினார். 1935 ஜூன் 10-ஆம் நாளே அவர் இறுதியாகக் குடித்த நாள். அதையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அதன் உறுப்பினர்கள் குடியின்றிக் கழித்த ஒவ்வோர் ஆண்டையும் கொண்டாடுகின்றனர்.

நம் நண்பர் அமெரிக்கக் கதை எதையும் கேட்டவர் அல்லர். ஆயினும் மூன்றாம் லயத்தில் குடியை விட முயலும் ஒருவரின் வீட்டுக்கு மாலைதோறும் போய் அமர்கிறார். அறிவுரை சொல்வதில்லை. (ஆசிரியனாக இருந்த எனக்கு அது எத்துணைக் கடினம் என்பது தெரியும்!) விடியுமுன் கதவைத் தட்டி, பெரட்டுக்கு உடன் அழைத்துச் செல்கிறார். சம்பள நாளன்று வீடு வரை கூடவே நடக்கிறார். அந்த மனிதர் ஒருநாள் மீண்டும் குடித்து, சாலையோரம் விழுந்து கிடந்தார். கண்டவர்கள் சிரித்தார்கள். நம் நண்பர் தூக்கிக்கொண்டுபோய் வீடு சேர்த்தார். மறுநாளும் கதவைத் தட்டினார். “அவன் வீட்டுக்குப் போகாத நாளில் எனக்கே பயமாக இருக்கிறது, ஐயா,” என்று என்னிடம் கூறினார்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். பேய் பிடித்தது என்று எண்ணி அறையில் பூட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

நண்பரைப் பேச அழைத்தேன், மறுத்துவிட்டார். தேநீர் மட்டும் தாமே ஊற்றித் தருவாராம். மூன்றாம் லயத்து நண்பரும் வந்திருக்கிறார். அவர் இசைவுடன் சொல்கிறேன்: இன்று அவருக்குப் பதினேழாம் நாள். முதற் கோப்பை அவருக்கு.