ஒரு மடத்து வாயிலின் வரலாறு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

நம் சங்கத்து மனையைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டோம். வாயில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் உறுப்பினரிடையே கருத்து வேற்றுமை நிலவுகின்றது. யாம் ரயில்வே எழுத்தர். கட்டடக் கலை பயின்றவரல்லோம். எனினும், நூல்களில் படித்த ஒரு வாயிலின் வரலாற்றை இவ்வவையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்றோர் ஊர் உள்ளது. கி.பி. 869-இல் கொல்லப்பட்ட எட்மண்ட் மன்னரைப் புனிதராகப் போற்றி, அவர் உடல் வைக்கப்பெற்ற அவ்விடத்தில், 1020-இல் கன்யூட் மன்னரின் ஆதரவுடன் பெனடிக்டின் துறவியர் மடம் நிறுவப்பெற்றது. யாத்திரிகர் காணிக்கையாலும் நிலங்களாலும் மடம் செழித்தது. ஊரின் சந்தையும் வரியும் நீதிமன்றமும் மடத்தின் கையில் இருந்தன. வணிகத்தால் வளர்ந்த ஊரார் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் கேட்டனர், மடம் இணங்கவில்லை. 1327-இல் மக்கள் உள்ளே புகுந்து சூறையாடினர். பழைய வாயிலும் அழிந்தது.

அதன்பின் எழுந்ததே இன்று காணும் பெருவாயில். இரு நிலைகள் கொண்டது. கீழே வண்டிகள் புகத்தக்க வளைவு. மேலே ஓர் அறை. ஊரை நோக்கிய மேற்கு முகம் முழுதும் நுண்ணிய கல் வேலைப்பாடு. சிலைகள் வைக்கும் மாடங்கள் பல. பார்ப்பவர் வியந்து நிற்பர். ஆயின் அச்சிலைகளின் பின்னே அம்பு எய்யும் பிளவுகள் மறைந்திருந்தன! மேலிருந்து இறக்கும் கனத்த காப்புக் கதவும் உண்டு. மடத்து முற்றத்தை நோக்கிய முகமோ அகன்ற சாளரத்துடன் விளங்குகின்றது. உள்ளிருப்போர்க்கு வெளிச்சம், வெளியே நிற்போர்க்கு அம்பு.

இவ்வளவு காப்பும் பயன் தந்ததா? 1381-இல் நாடெங்கும் குடியானவர் கிளர்ச்சி மூண்டபோது, இவ்வூராரும் மீண்டும் எழுந்தனர். மடத்தின் துணைத் தலைவர் கொல்லப்பட்டார். மனக்குறை தீராதவரை மதில் காக்காது என்பது தெளிவாயிற்று.

1539-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் மடம் கலைக்கப்பெற்றது. மாபெரும் ஆலயத்தின் முகக்கற்களை உரித்தெடுத்துச் சென்றனர். உள்ளீடாயிருந்த கரடுமுரடான கல்லும் காரையுமே ஆங்காங்கே எஞ்சின. வாயிலோ வடிவு குன்றாது நின்றது. இன்று மாடங்களில் சிலைகள் இல்லை. உள்ளே பொதுமக்கள் பூங்கா அமைந்துள்ளது. எவரை அஞ்சிக் கட்டினரோ, அவ்வூர் மக்களின் குழந்தைகள் அதன் வழியே விளையாடச் செல்கின்றனர்.

பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் நெடுங்காலம் அமர்ந்தவர் யாம். வெளியே நிற்பவர்க்கு உரிய விடை கிடையாவிடின், எத்துணை வலிய கம்பியும் அவர்தம் சினத்தைத் தடுக்காது என்பது எம் அனுபவம்.

மதில் எழும்புமுன், அண்டை வீட்டுப் பெண்கள் நம் மனை வழியே குழாயடிக்குச் சென்று வந்தனர். இப்போது குடத்துடன் சுற்றிச் செல்கின்றனர். நம் மொழி பேசாதவர் எனினும், நாம் குடியேறிய நாளில் நமக்கு உதவியவர்கள் அவர்களே. முன்வாயிலை நம் விருப்பம்போல் அழகுறச் செய்வோம். பின்புறம் ஒரு சிறு வாயில் வைத்து, விடியல் முதல் விளக்கேற்றும் வரை திறந்துவைப்போம். இதுவே எம் வேண்டுகோள்.