மரத்தடி மேடையில் யார் உட்காரலாம்?



பாலசமுத்திரத்தில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து மலைச்சாலையில் ஏறினால் கொடைக்கானல். அங்கே போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் கோக்கர்ஸ் வாக். 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டி அமைத்த, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை. வெள்ளைக்காரர்களின் மாலை உலாவுக்காகப் போட்ட பாதையில், இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய யாரும் நடக்கலாம், நிற்கலாம், பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆனால் அங்கே என் பக்கத்தில் நிற்பவருக்கு நான் யாரென்று தெரியாது. சுற்றுலாத் தலத்தில் நமக்குக் கிடைக்கும் சமத்துவத்தில் பாதி, முகவரி தெரியாததால் கிடைப்பது. ஒரு பொதுவெளி நல்ல வெளியா என்பது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில்தான் தெரியவரும்.

ஆய்வுக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊர் நடுவே ஆலமரம், அதைச் சுற்றிக் கல்மேடை. நாள் முழுக்க நிழல். உட்கார்ந்தபடியே பேருந்து வருவதைப் பார்க்கலாம். அவ்வளவு யோசித்துக் கட்டியிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?” சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” அதற்கும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். என்னை யாரும் எழச் சொல்லவில்லை. என்னை அழைத்துப் போயிருந்த அந்த ஊர் இளைஞர், முதலிலிருந்தே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இருந்தார். அதை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த மேடையின் உயரம், அகலம், நிழல் எல்லாவற்றையும் நம்மால் அளக்க முடியும். அந்த இளைஞர் உட்காராமல் நின்றதையும் சேர்த்து அளந்தால்தான் அதன் வடிவமைப்பு முழுமையாகப் புரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. மரத்தடி மேடையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச்சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். மக்கள் கூடும் பொது இடங்களில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு.

சமத்துவத்தை வரைபடத்திலேயே எழுத முயன்ற ஒரு திட்டமும் நம்மிடம் உண்டு. 1998இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. எல்லோருக்கும் ஒரே சமுதாயக்கூடம், ஒரே சுடுகாடு. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பதையும் வடிவமைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. அதற்கு எல்லையும் உண்டு. சமத்துவபுரம் எழுந்தது புது நிலத்தில். பழைய ஊர்களின் மந்தையும் சாவடியும் இருந்த இடத்தில் இருந்தபடியேதான் இருக்கின்றன.

ஆகவே தோழர்களே, பயணங்களில் நல்ல பூங்காவை, நல்ல மேடையைப் பார்த்தால் ரசியுங்கள், படம் எடுங்கள். பிறகு உங்கள் ஊருக்கு வந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மரத்தடியில் போய்ப் பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை, பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பொதுப்பணத்தில் புதிய நிழற்குடையோ பூங்காவோ கட்டப்போகிறார்கள் என்றால், அது எந்தத் தெருவில் வரப்போகிறது என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

நானும் அந்த ஆலமரத்தடிக்கு மறுபடி போகப்போகிறேன். இந்த முறை சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு பேருமாக உட்கார வேண்டும் என்று அந்த இளைஞரிடம் பேசியிருக்கிறேன்.