சாமி வந்ததா, சித்திரம் வந்ததா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மதச் சித்திரங்களும் விக்கிரகங்களும் மனிதனுடைய மனத்தை என்ன செய்கின்றன என்பதும், அதை ஆராய்வதற்கென்றே சர்வகலாசாலைகளில் ஒரு உத்தியோகம் ஏன் வேண்டும் என்பதுமாகும். "வழக்கம்போல் புராணத்தைப் புரட்டி நாலு சிரிப்பு மூட்டுவார் என்று வந்தோம், இது என்ன பண்டிதர் சங்கதியாக இருக்கிறதே" என்று சிலருக்குத் தோன்றலாம். நான் பண்டிதனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதுபோன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் எனது படிப்பு. ஆனால் இது பண்டிதர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமல்ல என்பதை ஒரு கிழவியம்மாள் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் அந்த அம்மாள் எழுந்தார். "தம்பி, எம் மகன் செத்த பதினாறாம் நாள் ராத்திரி மாரியாத்தா எங் கண்ணு முன்னால வந்து நின்னா. அழாதேன்னு சொன்னா. அது பொய்யின்னு சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார். நான் உடனே, "வந்தவள் வந்தாளே, பையனைத் திருப்பிக் கொண்டுவந்தாளா ஆத்தா?" என்றேன். கூட்டம் கைதட்டிற்று. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

தோழர்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது வாதத்தில் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. மகனை இழந்த ஒருவரைக் கூட்டத்தின் சிரிப்புக்கு இரையாக்கிவிட்டு, அதைப் பகுத்தறிவு என்று எண்ணிக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அவர் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மோர் கொடுத்தார். அப்பொழுதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஆத்தா, வந்தவள் மாரியம்மன்தான் என்று எப்படி அடையாளம் கண்டீர்கள்?" அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர். "இதே முகந்தான் தம்பி, இதே சேலை" என்றார். ஆனால் அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் இருப்பது, மஞ்சள் பூசிய ஒரு கல். அதற்கு மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது, சேலையில் சரிகைக்கரையும் கிடையாது.

அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார். கண்டது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

இது நம் நாட்டுப் பாமர மக்களுக்கு மாத்திரம் உள்ள சங்கதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் வார்னர் சால்மன் என்று ஒரு விளம்பரச் சித்திரக்காரர் இருந்தார். 1924-ல் அவர் கரிக்கோலால் கிறிஸ்துவின் தலையை வரைந்தார். 1940-ல் அதையே எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருப்பதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் அச்சடித்துச் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். டேவிட் மோர்கன் என்ற ஆராய்ச்சிக்காரர் 1990-களில் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மூலம், "இந்தப் படத்தைப் பற்றி உங்கள் மனத்தில் உள்ளதை எழுதுங்கள்" என்று கேட்டார். ஐந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்து 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்து இப்படித்தான் இருந்திருப்பார், இதுவே அவருடைய உண்மையான சாயல் என்று எழுதியவர்கள் உண்டு.

சுவிசேஷங்கள் நான்கையும் புரட்டிப் பாருங்கள். இயேசுவின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. 3-ம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பாதாளக் கல்லறைகளில் தீட்டிய சித்திரங்களில் அவர் தாடி மீசையில்லாத இளம் மேய்ப்பனாக இருக்கிறார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவனுக்குச் சால்மன் படத்தைக் காட்டினால், "இவர் யார்?" என்று கேட்டிருப்பான். முகத்தை ஏற்படுத்தியது சித்திரக்காரன் கை. அதைக் கோடிக்கணக்கான வீட்டுக்குள் கொண்டுபோனது அச்சு யந்திரம். "உண்மையான சாயல்" என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். கிளிமானூர் ரவிவர்மா 1848-ல் பிறந்து 1906-ல் காலமானவர். 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து லட்சுமி, சரஸ்வதி படங்களை வர்ண அச்சில் அடித்து விற்றார். அதற்கு முன்னிருந்த சோழர் காலத்துச் செப்புப் படிமங்களைப் பாருங்கள். அதிலுள்ள அம்மனுக்கு ரவிக்கை கிடையாது. ரவிவர்மாவின் லட்சுமிக்கோ கட்டுக்குலையாத சேலையுண்டு. இன்று யாருடைய கனவிலாவது லட்சுமி வந்தால், சோழர் காலத்து வேஷத்தில் வருகிறாளா, அச்சுக்கூடத்து வேஷத்தில் வருகிறாளா? பக்தர்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. திருவிதாங்கூரில் 1936-ல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம் பிறந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் நுழைந்தது 1939-ல். அதற்குமுன் எத்தனையோ தலைமுறையாக மூல விக்கிரகத்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாதென்று வெளியே நிறுத்தப்பட்டவன், கடவுள் முகத்தை எங்கே பார்த்திருக்க முடியும்? சில காசு கொடுத்து வாங்கிய காகிதத்தில்தான். அர்ச்சகர் அடைத்த வாசலை அச்சுக்காரன் திறந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் திறந்துவிட்ட வாசல் வழியாக அறிவு உள்ளே போயிற்றா, அதே அடிமைத்தனம் வீட்டுச் சுவருக்கே வந்து சேர்ந்ததா என்பதை யார் ஆராய்ந்து சொல்லுவது?

சரி, ஒரு காகிதம் மனத்தில் இப்படிப் பதிவதற்குக் காரணம் என்ன? சில காரணங்கள் சோதனையில் தெரிந்திருக்கின்றன. பிறந்து சில நிமிஷங்களே ஆன குழந்தைகளுக்கு முகம் போன்ற படத்தையும், அதே கண் மூக்கு வாயைத் தாறுமாறாகப் போட்ட படத்தையும் காட்டி, 1975-ல் அமெரிக்காவில் சோதித்து வெளியிட்டார்கள். குழந்தைகள் முகத்தைத்தான் அதிகமாகத் திரும்பிப் பார்த்தன. முகத்தைத் தேடுவது மனித சுபாவம். 1968-ல் ராபர்ட் ஸையான்ஸ் என்பவர் அர்த்தம் தெரியாத சீன எழுத்துப் போன்ற குறிகளை, சிலவற்றை ஒருதரமும் சிலவற்றை 25 தரம் வரையிலும் காட்டி, இவற்றில் எது நல்ல அர்த்தமுள்ளதாக இருக்கும் என்று கேட்டார். அதிகந்தரம் பார்த்த குறியையே நல்லது என்றார்கள். வெறும் கோடுகளை 25 தரம் பார்த்ததற்கே இவ்வளவு என்றால், பாலகுடி மறவாத நாள் முதல் தினந்தோறும், விளக்கேற்றி, தாய் கைகூப்பச் சொல்லிக் காட்டிய முகம் எவ்வளவு ஆழத்தில் போயிருக்கும்!

"அப்படியானால் நம்பாதவனுக்கும் சில சமயம் சிலிர்க்கிறதே, அது ஏன்?" என்று கேட்பீர்கள். ஆம், சிலிர்க்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் பாதிரிகளிடத்தில் பக்தி கொண்டவரல்ல. அவர் தமது பயண நூலில், பிளாரன்ஸ் நகரத்து ஸாந்தா குரோசே மாதா கோயிலில் சித்திரங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாக எழுதினார். அதே நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கிராஸியெல்லா மகெரினி என்ற அம்மையார், கலைப்பொருள்களைப் பார்த்து மனங்கலங்கி வந்து சேர்ந்த 106 வெளியூர்ப் பிரயாணிகளைப் பற்றி 1989-ல் புத்தகம் எழுதினார். இதைத் தனி வியாதியென்று எல்லா வைத்தியர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியிருந்தாலும் நடுக்கத்துக்கு நம்பிக்கை தேவையில்லை என்பது ஸ்டெந்தால் கதையில் தெரிகிறது. நானே தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தபோது பேச்சற்று நின்றிருக்கிறேன். கல்லை அறுத்து ஏற்றிய மனிதனுடைய கையை நினைத்து நின்றேன். பக்கத்தில் நின்றவர் கடவுளை நினைத்துக் கும்பிட்டார். உடம்பு சிலிர்த்தது இருவருக்கும் ஒன்றுதான். அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

கண் திறக்கும் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி எல்லா அங்கத்தையும் செதுக்கிவிட்டுக் கடைசியில்தான் கண்ணைத் திறக்கிறான். இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் தீட்டுகிறவன் நேரே பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துத் தீட்டுவது பழைய வழக்கம். தானே செய்த கண்ணைத் தானே பார்க்கப் பயம்! நம் ஆகமக் கோயில்களிலோ, கும்பாபிஷேகம் ஆனபின் செதுக்கின சிற்பியே தொடக் கூடாது. கல்லில் ஒரு குண்டுமணி எடைகூட ஏறவில்லை. ஏறியதெல்லாம் பார்ப்பவன் மனத்தில்தான்.

இந்தக் கண் விஷயத்தில் நாமும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். 2006-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் சர்வகலாசாலையில், தேநீருக்குத் தாங்களே காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப்படமும், ஒரு வாரம் கண் படமுமாக மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று பங்கு காசு சேர்ந்தது. "பார்த்தீர்களா, உண்டியலின் ரகசியம் இதுதான்" என்று நானே பல மேடைகளில் பேசினேன். பிறகு 2017-ல் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்ததில், கண் படம் ஜனங்களின் ஈகைக் குணத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை என்று வெளியிட்டார்கள். ஆகவே அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால், நமக்கும் புராணிகருக்கும் என்ன வித்தியாசம்?

இதனால்தான் ஒரு உத்தியோகம் வேண்டுமென்கிறேன். விக்கிரகத்துக்கு எத்தனை கை, கையில் என்ன ஆயுதம் என்று கணக்கெடுத்து கோபிநாத ராவ் 1914 முதல் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதினார். கல்வெட்டைப் படிக்கவும் செப்புப் படிமத்தை நிறுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதன்முன் நிற்கிற மனிதனை ஆராய ஒருவர் வேண்டும். ஒரு குழந்தை எந்த வயதில் ஒரு படத்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறது? கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர், அதே நடராஜரைச் சென்னை எழும்பூர்க் காட்சிசாலையில் பார்க்கும்போது ஏன் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்? துக்கத்தில் இருப்பவருக்குப் படம் ஆறுதல் கொடுக்கிறதா? அப்படிக் கொடுத்தால், செத்த மகனுடைய புகைப்படம் கொடுக்காத எதை அது கொடுக்கிறது? இவற்றை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதவேண்டும்.

அந்த உத்தியோகத்துக்குக் கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர் லாயக்கில்லை. என்னைப் போன்ற பிரசாரகனும் லாயக்கில்லை. இருவருக்கும் முடிவு முன்னாலேயே தெரியும். கிழவியம்மாளிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் சொல்லுவதைச் சிரிக்காமல் எழுதிக்கொள்ளக் கூடியவர் ஒருவர் வேண்டும். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளில் ஒருவர் அதற்கு வந்தால் இன்னும் நல்லது. வெளியே நின்றவனுக்குத்தான் வாசலின் அளவு தெரியும்.

அன்று அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். காலண்டரைப் பார்த்து நான் யோசித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "படத்தைப் பார்த்துத்தான் வந்தான்னே வெச்சுக்க தம்பி. எனக்கு அழுகை நின்னுச்சே, அதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

தோழர்களே! எனது அபிப்பிராயம் இதுதான். அழுகையை நிறுத்தியது காகிதமல்ல, கல்லுமல்ல. பதினாறு நாள் அழுது ஓய்ந்த அந்தத் தாயின் மனமே, தனக்கு ஒரு தேறுதல் சொல்லிக்கொண்டது. காலண்டரின் முகத்தை இரவல் வாங்கித் தன் சொந்தச் சொல்லைச் சொல்லிற்று. அந்தப் பலம் முழுதும் அவருடையது. ஆனால் அவர் அதற்கு நன்றி செலுத்தியதோ உண்டியலுக்கு. ஏழை ஜனங்களின் சொந்தப் பலத்தையே அவர்களிடமிருந்து பிடுங்கி, சாமி கொடுத்ததாக அவர்களுக்கே விலைக்கு விற்பதுதான் இந்த வியாபாரம். இதை அவரிடம் அன்று சொன்னேன். ஒப்புக்கொண்டாரா என்றால் இல்லை. ஆனால் சிரித்தார். அவரை அழவைத்த பாவம் பாதி தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

எனது அபிப்பிராயம் தப்பாகவும் இருக்கலாம். தப்பா சரியா என்று சோதித்துச் சொல்லத்தான் ஆள் கேட்கிறேன். அதுவரை நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், "உங்களுக்குத் தெரிந்த சாமி முகத்தை முதல் முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள்; கைதட்டு வாங்கப் பார்க்காதீர்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.