ஏடும் எழுத்தாணியும் பேனையும்

நல்ல பேனை ஒன்றைப் புதிதாகப் பெற்றவர் அதனை உடனே வேலைக்கு அமர்த்துவதில்லை. மூடியைத் திருகிப் பார்ப்பார். முனையை வெளிச்சத்திற் பிடிப்பார். பின்னர் ஒரு தாளை எடுத்துத் தம் பெயரையே முதன்முதல் எழுதுவார். புதுக் கொப்பியை விரித்து, அதன் மணத்தை முகர்ந்த பின்பே முதற் பக்கத்தில் திகதியிடும் மாணவனும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைக்கும் பெரியோரும் உளர். ஆனால் எழுதுகருவியின்மேல் மனிதர் கொள்ளும் பற்று வெறும் ஆசையன்று. அப்பற்று ஒரு கருவியை விட்டு வேறொன்றுக்கு மாறும்போது ஒரு சமூகம் எதனைப் பெறும், எதனை இழக்கும் என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறே தக்க சான்று.

பேனை வருமுன் இங்கே எழுத்துக்கு இடந்தந்தது பனை. முற்றாத ஓலையைத் தெரிந்து வெட்டி, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் கலந்த நீரில் அவித்து மீண்டும் உலர்த்துவர். பின்னர் வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகிடுவர். ஓர் அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அதுவே ஏடு. இன்றைக்குக் கடையில் ஒரு கொப்பி வாங்குவோர் சில நொடியில் முடிக்கும் காரியத்துக்கு அன்று பல நாள் சென்றன. அந்த உழைப்பே ஏட்டின்மேல் மதிப்பை உண்டாக்கிற்று எனலாம்.

எழுத்தாணியிலும் வகையுண்டு. தலைப்பக்கம் குண்டாக அமைந்தது குண்டெழுத்தாணி. அதனினும் நீண்டது வாரெழுத்தாணி. கத்தியோடு சேர்த்துப் பிடிக்குள் மடக்கி வைப்பது மடக்கெழுத்தாணி. எழுதுவோர் இடக்கையில் ஏட்டை ஏந்தி, அக்கையின் கட்டைவிரல் நகத்தில் சிறிய பள்ளம் ஒன்று வெட்டி, அதில் எழுத்தாணியைத் தாங்கச் செய்வர். ஆணி பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்க, ஏடே மெல்ல நகரும். தம் உடலின் ஓர் உறுப்பையே கருவிக்கேற்பத் திருத்திக்கொண்ட இவர்களுக்கு முன்னே, பேனைமுனையின் மென்மையைப் பற்றி வாதிடும் இக்கால ரசிகர் சற்று அடங்கியிருத்தல் நன்று.

ஆணி கீறியது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்தோ, ஊமத்தை, கோவை முதலிய இலைச்சாற்றோடு சேர்த்தோ ஏட்டிற் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி எழுத்துத் தெளிவுறும். பேனைக்கு மை முன்னும் எழுத்துப் பின்னும் வரும். ஏட்டிலோ எழுத்து முன்னும் மை பின்னும் வரும்.

கருவியின் குணம் எழுத்திலும் ஏறிற்று. ஓலையிற் குத்தினால் துளைவிழும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ரகரத்துக்கும் நெடிலைக் காட்டும் காலுக்கும் வடிவ வேற்றுமை இல்லை. எகர ஏகாரக் குறில் நெடில்களை வடிவால் வேறுபடுத்தியவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் ஆதலாலேயே தமிழெழுத்து வளைந்தது என்றும் கூறுவர். டகர பகர மகரங்களைப் பார்ப்போர் இதனை முழுதும் ஒப்புதல் கடினம். எவ்வாறாயினும், ஏட்டைப் படிப்பதற்குக் கண் மட்டும் போதாது. பாட்டும் இலக்கணமும் முன்னரே நெஞ்சில் இருத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய நிபந்தனை ஒன்று இருந்தது. நன்கு பேணிய ஏடு இருநூறு முந்நூறு ஆண்டு நிற்கலாம். அதன்பின் எவரேனும் ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியாதல் வேண்டும். அந்த ஒருவர் இல்லையெனின் நூலும் இல்லை.

இந்நிலையிலேதான் தாளும் அச்சும் வந்தன. அமெரிக்க மிசனரிமார் 1834இல் மானிப்பாயில் அச்சுவேலையைத் தொடங்கினர். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாடசாலைகள் பெருகின, தொட்டெழுதும் இரும்புமுனைப் பேனையும் மைக்கூடும் மேசைக்கு வந்தன. இளைஞர் புதிய கருவியை விரும்பினர், அதிற் குற்றமில்லை. ஆயினும் ஏடு எழுதுவோரின் மாணாக்கர் வரிசை குறைந்தது. பரணில் இருந்த சுவடிகளைப் பார்த்தெழுத ஆள் இல்லாது போகவே, செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அவை உணவாயின.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இவ்வழிவைக் கண்முன் கண்டவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறிய அவர், உயர்ந்த உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஊர்தோறும் ஏடு தேடினார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. கலித்தொகைப் பதிப்புரையில், ஏடுகள் தொட்ட மாத்திரத்தில் நொறுங்கியதையும், புழு எழுத்தை உழுதிருந்ததையும் அவர் எழுதியிருப்பதைக் கல்நெஞ்சரும் கலங்காது படித்தல் இயலாது. பல பிரதிகளை ஒப்புநோக்கி, ஒவ்வோர் அடியையும் தாளில் எழுதிய பின்பே அச்சுக்குக் கொடுத்தல் கூடும். ஏட்டை ஒதுக்கிய பேனையே ஏட்டிலிருந்ததைக் காப்பாற்றவும் நேர்ந்தது.

அக்காலத்து மையைப் பற்றியும் ஒரு சொல். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து வீட்டிலேயே மை காய்ச்சும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. எழுதும்போது வெளிறித் தோன்றும் அம்மை, காற்றுப்பட்டுக் கறுத்து நிலைக்கும். அளவு தவறினால் அதன் புளிப்பு நாளடைவில் தாளையே தின்னும். 1884இல் அமெரிக்கரான வாட்டர்மன் உரிமம் பெற்ற ஊற்றுப்பேனை பரவிய பின் மைக்கூடு மெல்ல ஓய்ந்தது. சட்டைப்பையிற் பேனை செருகுதல் படித்தவருக்கு அடையாளமாயிற்று. அப்பையில் நீலக்கறை படிந்தபோது வீட்டார் சொன்னவை இங்கே வேண்டியதில்லை. குமிழ்முனைப் பேனை வந்தபொழுது கையெழுத்துக் கெடும் என்று ஆசிரியர் பலர் தடுத்தனர், மலிவு வென்றது.

தாளும் அழியாப் பொருளன்று. 1981 மே 31ஆம் நாள் இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அடுத்த பத்தாண்டில் பொருளாதாரத் தடை வந்தபோது, பிள்ளைகளின் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலேயே பத்திரிகைகளை அச்சிட நேர்ந்தது. ஒரு வெற்றுக் கொப்பி எத்துணை அருமையான பொருள் என்பதை அந்நாளில் யாழ்ப்பாணத்தில் எழுதப் படித்தவர் யாவரும் அறிவர்.

இப்பொழுதும் விசயதசமியன்று ஏடு தொடக்கல் நடைபெறுகின்றது. குழந்தையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவிப்பர். வீடுகளில் எஞ்சிய சுவடிகளைத் தேடிப் பார்க்கும் முயற்சியும் ஒருபால் நிகழ்கின்றது. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய நூலகம், அச்சு நூல்களோடு சுவடிகளையும் மின்படிவமாக்கி வருகின்றது.

பழைய சுவடியைத் துப்புரவு செய்து, புல்தைலத்தில் குழைத்த கரியை மெல்லத் தடவும்போது, நெடுநாள் மறைந்திருந்த வரிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும். கடைசி ஏட்டில் பெரும்பாலும் நூலுக்குப் புறம்பான சில சொற்கள் இருக்கும். எந்த வருடம், எந்த மாதம், எந்த நட்சத்திரத்தில் எழுதி முடிந்தது என்றும், யாருக்காக எழுதப்பட்டது என்றும் அவை கூறும். பிழை கண்டோர் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஏடெழுதியவர் கேட்டுக்கொள்வதும் அங்கே உண்டு.