மைதானத்தில் முதல் பத்து நிமிடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



பொறியாளன் பேச வந்தால் வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் என் வலது முழங்காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2011-ஆம் ஆண்டு. துறைகளுக்கிடையே கபடிப் போட்டி. பாடிப் போன நான் பிடியிலிருந்து திமிறித் திரும்பினேன். கால் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். "ஒண்ணுமில்லடா, எழுந்து நட, சரியாப் போயிடும்" என்றார்கள் நண்பர்கள். அன்பால்தான் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் போல வீங்கிவிட்டது. கட்டுப் போடுகிற ஒருவர் எண்ணெய் விட்டு நீவினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. மறுபடி ஆடினேன். மறுபடி முட்டி நழுவியது.

எங்கப்பா ஆரணிப் பட்டு நெசவாளி. தறிக்குழிக்குள் கால்கள் மாறி மாறி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். லீவு நாளில் அப்பாவுக்கு மாற்றாகத் தறியில் உட்காருகிற நான், அதன் பிறகு அரை மணி நேரம்கூட மிதிக்க முடியவில்லை. அப்பா ஒரு நாள் சொன்னார்: "இழை அறுந்தா தறிய நிறுத்தி, நுனியத் தேடி முடிச்சுப் போட்டுட்டுதானே மறுபடி மிதிக்கிறோம்? நீ அறுந்த இழையோட ஓட்டிட்டியேடா."

உண்மையும் அதுதான். முட்டியில் 'டப்' சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம் என்றால், ஏ.சி.எல். என்னும் உள் ஜவ்வு அறுந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். அறுந்த ஜவ்வோடு ஆடியதில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிந்தது. வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகு 2015-இல் அறுவை சிகிச்சை. அதற்குப் பின் ஒன்பது மாதம் பயிற்சி. அன்று மைதானத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அந்த இரண்டாவது கிழிசலாவது மிஞ்சியிருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று விதித்தது. இயந்திரம் ஓடுகிற இடத்தில் விபத்து நடக்கும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் ஓடுகிற இடத்தைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய படிப்பும் அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920-இலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் அது நந்தனத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் 'அத்லெடிக் டிரெய்னர்' என்பது தனிப் பட்டம், தனித் தொழில். காயம் வராமல் தடுப்பது, வந்தால் களத்திலேயே கவனிப்பது, மீண்டும் ஆட எப்போது அனுப்பலாம் என்று பார்ப்பது, எல்லாம் அவர் வேலை. நம் ஊரில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிசியோதெரபி படித்தவர்கள் நிரப்புகிறார்கள். +2-வில் உயிரியல் எடுத்த தம்பி தங்கை உங்கள் வீட்டில் இருந்தால், பிசியோதெரபி, அதற்கு மேல் விளையாட்டுப் பிசியோதெரபி என்று வழி காட்டுங்கள். விளையாட்டுக்கென்றே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. ஒரு வீரன் குதித்து இறங்கும்போது முட்டியில் எவ்வளவு விசை விழுகிறது என்பது நாம் படிக்கும் மெக்கானிக்ஸ்தானே? சென்னை ஐ.ஐ.டி-யில் விளையாட்டு அறிவியலுக்கென ஒரு மையமே இயங்குகிறது.

எல்லோரும் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நாலு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உடம்பைச் சூடேற்றுவது. கால்பந்துக்காக வகுத்த '11+' என்ற 20 நிமிடப் பயிற்சியை, நார்வேயில் 1,800-க்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகளிடம் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஒரு ரூபாய் செலவில்லாத வைத்தியம்!

இரண்டாவது, சுளுக்கு. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே திருத்திக்கொண்டார். புதுக் காயத்தை அழுத்தி நீவக் கூடாது. கட்டுப் போட்டால் விரலைப் பாருங்கள். நிறம் மாறினால், மரத்துப்போனால், வலி ஏறினால் உடனே தளர்த்தி மருத்துவரிடம் ஓடுங்கள். 2022 நவம்பரில் சென்னையில் ஒரு கல்லூரிக் கால்பந்து வீராங்கனை, முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் காலை இழந்தாள். பிறகு உயிரையும் இழந்தாள். இறுக்கிப் போட்ட கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்று அன்றைய சுகாதார அமைச்சரே அறிவித்தார். "வலி தாங்கலை" என்று ஒரு பிள்ளை சொன்னால், "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, தலையில் அடி. தலை சுற்றுகிறது, குழப்பமாகப் பேசுகிறான் என்றால் அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. சர்வதேச கிரிக்கெட்டிலேயே 2019 முதல் இதற்காக மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதிக்கிறார்கள்.

நான்காவது, மயங்கி விழுதல். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சுருண்டு இறந்தார். விழுந்தவர் அசைவில்லை, சீராக மூச்சு விடவில்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வெயிலில் ஓடி, உடம்பு கொதித்து, நினைவு தடுமாறி விழுந்தால், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள், வண்டி ஏற்றுவது அப்புறம். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். சங்கத்தின் இந்த ஆண்டு நிதியில் மைதானத்துக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்குவோம். துறைக்கு இரண்டு மாணவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுப்போம். என் பங்காக முதல் ஆண்டுப் பயிற்சிச் செலவை நான் ஏற்கிறேன். கோப்பை வாங்கி வந்தால் கைதட்டுகிறோம். விழுந்தவன் பக்கத்தில் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவன் நிற்கிறானா என்பதையும் பார்ப்போம்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது, பதினாலு வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் தறியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் மிதித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை மட்டும் கையில் எடுத்துக் கொடுத்தார்.