வழக்கறிஞர் வாயிலில்



காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற இடத்தை அடுத்து அமைந்தது எங்கள் திருக்காட்டுப்பள்ளி. நெல் விளையும் இச்சீமையில் வழக்குகளும் குறைவின்றி விளைவதுண்டு. வழக்கறிஞர் மரபும் எங்களுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக விளங்கிய சர் பி. எஸ். சிவசாமி ஐயர், 1864-இல் அருகிலுள்ள பழமார்நேரியில் பிறந்தவர். அவர் பெயர் தாங்கிய பள்ளி எங்கள் ஊரில் இன்றும் நடைபெற்று வருகிறது.

வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், பாகப் பிரிவினை, குத்தகைப் பாக்கி ஆகியவற்றுள் எதனைக் கொண்டு சென்றாலும் எங்கள் பக்கத்து வழக்கறிஞர் தயங்காமல் வக்காலத்தில் கையொப்பம் வாங்கிவிடுவார். ஆனால், பிறக்கும்போது ஊறுபட்ட குழந்தையைத் தோளில் சுமந்து ஒரு தாய் வந்து நிற்கும்போது, அதே வழக்கறிஞர் தயங்குகிறார். "பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார். அந்தத் தயக்கத்தின் காரணம் யாது? அவர் விடை சொல்லும்வரை பெற்றோர் செய்யத்தக்கது யாது? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு உயிர்க்காற்று குறையலாம். தோள் சிக்கிக்கொள்ள, கையின் நரம்புகள் இழுபட்டுப் போகலாம். இத்தகைய ஊறுகளுக்கும் கைகால் முடக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1862-இல் விரித்து எழுதினார் லிட்டில் என்னும் ஆங்கில மருத்துவர். ஆயினும், 1897-இல் சிக்மண்ட் பிராய்டு வேறொரு கருத்தை முன்வைத்தார். கருவிலேயே நேர்ந்துவிட்ட குறைதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கக் கூடும் என்பது அவர் எண்ணம். பின்வந்த ஆராய்ச்சிகளும், பெருமூளை வாதம் உற்ற குழந்தைகளுள் சிறு பகுதியினருக்கே பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் காரணம் என்று காட்டின.

வழக்கறிஞரின் தயக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வரப்புத் தகராற்றுக்குப் பத்திரமும் பட்டாவும் சான்று. பிரசவ அறையில் நடந்ததற்குச் சான்று எது? குழந்தை பேசாது, தாயோ அப்போது தன்னினைவு குன்றியிருந்திருப்பாள். எஞ்சுவது மருத்துவமனையின் ஏடு ஒன்றே. கவனக் குறைவு நேர்ந்ததா, அந்தக் குறைவினால்தான் குழந்தைக்கு ஊறு விளைந்ததா என்னும் இரண்டு வினாக்களுக்கும் அந்த ஏட்டிலிருந்தே விடை தேட வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு எந்த மணிக்குக் குறைந்தது, மருத்துவர் எந்த மணிக்கு வந்தார், பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தையின் நிலை எவ்வாறு இருந்தது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். வர்ஜீனியா ஆப்கார் என்னும் அமெரிக்க அம்மையார் 1952-இல் வகுத்த பத்து மதிப்பெண் முறை இதற்கு உதவுகிறது. எனினும், அம்மதிப்பெண் குறைந்திருப்பது மட்டும் மருத்துவரின் குற்றத்தை மெய்ப்பிக்காது. ஏட்டைப் படித்துப் பொருள் சொல்ல மற்றொரு மருத்துவர் தேவைப்படுகிறார்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளில், வென்றால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கையே வழக்கறிஞர் ஊதியமாகப் பெறுவது வழக்கம். தோற்றால் அவருக்கே நட்டமாதலால், பல முறை சலித்தெடுத்த பின்னரே வழக்கை ஏற்பார். நம் நாட்டில் அவ்வாறு பங்கு பேசுவதை வழக்கறிஞர் மன்றத்தின் விதி தடுக்கிறது. ஆகவே செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

எங்கள் தெருவில் ஓர் இளந்தம்பதியர் இருக்கின்றனர். ஆண் குழந்தை பிறந்தது. ஓராண்டு கடந்தும் அது உட்காரவில்லை. அதன் பின்னரே நோயின் பெயர் தெரிந்தது. தஞ்சாவூரில் ஒரு வழக்கறிஞரிடம் தாள்களைக் கொடுத்தனர். நான்கு முறை சென்றும், "பார்த்துக்கொண்டிருக்கிறேன் தம்பி" என்பதே விடை. ஒரு நாள் அந்தத் தந்தை என்னிடம், "முடியாது என்றாவது சொல்லிவிடக் கூடாதா, ஐயா?" என்றார். அந்தக் கேள்வியை நான் எளிதில் மறக்க முடியவில்லை. ஏனெனில், அவருடைய காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் பொறுக்கலாம். பொறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் குழந்தைக்குச் சலுகை உண்டு. பதினெட்டு வயது நிறைந்த பின்னரே அதற்குக் காலக்கெடு எண்ணப்படும். ஆனால், பதினெட்டு ஆண்டு கழித்து ஏடு எங்கே இருக்கும்? மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள், உள்நோயாளிகளின் ஏடுகளை மூன்று ஆண்டு காக்கச் சொல்கின்றன. அவையே, நோயாளி கேட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் படி தரவேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே, வழக்கறிஞர் விடை சொல்வதற்கு முன்பே பெற்றோர் எழுத்து மூலம் ஏட்டின் படியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

தக்க ஏடும் தளராத உழைப்பும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை இருபத்தொன்பதாம் வாரத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைச் சோதனை இன்றியமையாதது. அது செய்யப்படவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. 2009-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஐந்து லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலை 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சமாக உயர்த்தியது. அது பிரசவத்தின் போது நேர்ந்த ஊறு அன்று. பிறந்த பின் நேர்ந்தது. ஆயினும் பாடம் ஒன்றே: விடுபட்ட கடமை இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. தீர்ப்பு வந்தபோது அக்குழந்தைக்கு வயது பதினெட்டு நிறைந்திருந்தது.

நீதிக்கே இத்தனை காலம் ஆகுமாயின், குழந்தையின் மருத்துவம் அதற்காகக் காத்திருக்கலாகாது. கைகால் பயிற்சி இளமையிலேயே தொடங்க வேண்டும். எங்கள் தெருத் தாய் வாரம் இருமுறை பேருந்தில் தஞ்சைக்குப் போய் வருகிறாள்; அவள் செய்வதே சரி. பணம் இல்லாதார்க்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம்.

சில நாடுகள் வேறு வழியும் கண்டுள்ளன. ஜப்பானில் 2009 முதல், பிரசவத்தை ஒட்டிப் பெருமூளை வாதம் உற்ற குழந்தைக்கு, வரையறுத்த தகுதிகள் பொருந்துமாயின், யார் குற்றம் என்று மெய்ப்பிக்காமலே உதவித்தொகை வழங்கப்படுகிறது. நடந்தது என்ன என்றும் ஆராய்கின்றனர். நாமும் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். ஏட்டில் மணியை உள்ளபடி எழுதுங்கள். அது தாய்க்கும் காவல், குற்றமற்ற மருத்துவர்க்கும் காவல். சிலர் வழக்கறிஞராவீர்கள். எல்லா வழக்கையும் ஏற்க உங்களால் இயலாது. தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம். ஆனால், மறுப்பதாயின் காலத்தோடு மறுத்து, காரணத்தையும் கூறித் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். பெற்றோர் வேறொரு வாயிலை நாடுவதற்கு நாள் மிஞ்சியிருக்கும்போது சொல்லும் "இல்லை" என்ற சொல்லும் ஓர் உதவியே ஆகும்.