பலகை மாறியும் பார்வை மாறாமல்

கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராவின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது பழுதுபார்ப்போர் ‘மெயின் போர்டு’ என்று வழங்கும் உறுப்பை, நீக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் வேலை கைவினைகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுவதில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதில் என்ன கலை இருக்கிறது என்ற கேள்வி, கடிகாரம் பழுதுபார்ப்பவரை வியந்து பார்ப்பவர்களிடமும் எழுவதுண்டு. அந்த வேலையின் படிகளை நெருங்கிப் பார்த்தால், மாட்டுவது அதன் எளிய பகுதி என்பதும், மாட்டிய பலகையை அந்தக் கேமராவுக்கே உரியதாக ஆக்குவதில்தான் திறமை அடங்கியிருக்கிறது என்பதும் விளங்கும்.

மின்சாரம் கடத்தாத தகட்டின்மேல், கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தடங்களைப் படியவைத்து உருவாக்குவதே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர் 1936 வாக்கில் இம்முறையைக் கையாண்டது ஒரு வானொலிப் பெட்டியில் என்பதால், வானொலிக்கும் கேமராவின் பலகைக்கும் பூர்விகம் ஒன்றே. 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் ஏறத்தாழ 6 பலகைகள் இருந்தன, சுமார் 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. கால் நூற்றாண்டுக்குப் பின், 2000-இல் கேனன் வெளியிட்ட டிஜிட்டல் இக்சஸ், 87 மி.மீ. அகலமும் 57 மி.மீ. உயரமும் 27 மி.மீ. பருமனுமான கூட்டுக்குள் லென்ஸ், பேட்டரி, ஃபிளாஷ், திரை அனைத்தையும் அடக்கிவிட்டது. இவ்வளவு நெருக்கத்தில் ஓர் உறுப்பைத் தொட வேண்டுமானால் அதற்கு முன் பத்து உறுப்புகளை விலக்க வேண்டியிருக்கும்.

நல்ல தொழிலாளர் பலகையைக் குறைசொல்ல அவசரப்படுவதில்லை. பேட்டரி தொடும் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, பலகையின் ஓரத்திலுள்ள கடுகளவு ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் கொண்டு முதலில் சோதிக்கிறார். 2005-இல் ஜப்பானிய நிறுவனங்கள் பல, தங்கள் கேமராக்கள் சிலவற்றில் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஒளியுணரி வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெடுவதாக அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. படம் கறுத்தும் சிதைந்தும் தோன்றிய அக்கேமராக்களுக்குப் பலகையை மட்டும் மாற்றியிருந்தால் எப்பயனும் விளைந்திருக்காது.

குற்றம் பலகையில்தான் என்று உறுதியான பிறகும், அதிலுள்ள சிப்பை மட்டும் மாற்றலாகாதா என்ற வினா எழலாம். முக்கிய சிப்பான செயலியின் இணைப்புப் புள்ளிகள் அதன் வயிற்றுப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பற்று (சால்டர்) உருண்டைகளாக ஒட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்துக்குத் தடை விதித்த பின், 183 டிகிரி செல்சியஸில் உருகிய பழைய பற்றின் இடத்தில் 217 டிகிரி அளவில் உருகும் பற்று பரவியதால், அண்டையிலுள்ள உறுப்புகளைச் சுடாமல் செயலியைப் பெயர்ப்பது மேலும் அரிதாயிற்று. முழுப் பலகையை மாற்றும் வழக்கம் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம்.

கூட்டைத் திறந்ததும் எதிர்ப்படும் ஆபத்து, ஃபிளாஷ் விளக்குக்கு மின்னூட்டம் சேர்த்துவைக்கும் மின்தேக்கி, கடைவீதி வழக்கில் கண்டன்சர். பேட்டரியை எடுத்த பின்னும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். திருப்புளியால் இரு முனைகளையும் சேர்த்துத் தொடுபவர் பொறி பறக்கவிட்டுப் பலகையையும் கெடுத்துக்கொள்ள, முறையறிந்தவர் அந்த மின்னூட்டத்தை ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை வழியே இறக்கி, மீட்டரில் எண் தாழ்வதைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுகிறார். அடுத்து, கழற்றிய திருகுகளை அவர் தாளில் வரைந்த கேமரா உருவத்தின்மேல், இடம் மாறாமல் ஒட்டி வைக்கிறார். ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிய திருகு வேறொரு துளையில் ஏறினால் அடியிலுள்ள பலகையைத் துளைத்துவிடும். பலகையை லென்ஸோடும் திரையோடும் பிணைப்பவை ரிப்பன் கேபிள்கள், அதாவது செப்புத் தடங்கள் ஓடும் வளையும் நாடாக்கள். அவற்றைக் கவ்வும் வாயிலுள்ள பூட்டு ஓர் அரிசியின் பருமனும் இல்லாதது. சிலவற்றில் மேல்நோக்கித் திறக்கும், சிலவற்றில் வெளியே நகரும். வகை அறியாமல் நெம்பினால் அது ஒடிந்து, நல்ல பலகையும் வீணாகும்.

இத்தனையும் பிழையின்றி முடிந்த பிறகு, கேமரா உயிர்பெற்றும் படம் கலங்கலாக வருவது உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் லென்ஸ் எந்த இடத்தில் துல்லியமாகக் குவிகிறது, ஒளியுணரியின் எந்தப் புள்ளிகள் செயலற்றவை, நிறச் சமன் எவ்வளவு என்பவை அளக்கப்பட்டு, அந்தத் திருத்த எண்கள் பலகையிலுள்ள அழியா நினைவகத்தில் எழுதப்படுகின்றன. கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கில் 2010-இல் 12 கோடிக்கு மேலிருந்த, சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்ட நிலையில், பழைய மாடலுக்குப் பலகை கிடைப்பது பெரும்பாலும் இறந்துபோன இன்னொரு கேமராவிலிருந்துதான். அப்படி வரும் பலகை வேறொரு லென்ஸின் குறைகளைத் திருத்தக் கற்றது. பிறர் கண்ணுக்கு அளவெடுத்த மூக்குக்கண்ணாடியைப் போன்றது. ஆகவே கைதேர்ந்தவர், மாடலுக்கு ஏற்றபடி, பழைய பலகையின் நினைவகச் சிப்பைப் புதியதற்கு மாற்றியோ, அதிலுள்ள எண்களைப் படித்து எழுதியோ, சேவை மென்பொருள் கொண்டு மறுபடி அளந்தோ பலகையையும் கேமராவையும் இணக்குகிறார். ஒளியுணரியைத் தாங்கும் தகட்டின் திருகுகளை அவர் தேவையின்றித் தொடுவதில்லை; அது மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கும்.

திறந்து மாட்டும் நுணுக்கத்தை மட்டும் கண்டு ஒருவரின் வேலையை மதிப்பிடுவது முறையாகாது. மாட்டிய பின் நினைவகத்தின் எண்களுக்கு என்ன செய்தார் என்பதே சரியான கேள்வி. அதற்கு விடை காண எளிய சோதனை ஒன்று உண்டு. நாளிதழின் பக்கம் ஒன்றைச் சுவரில் சுருக்கமின்றி ஒட்டி, நேர் எதிரே அசையாமல் நிறுத்திய கேமராவால் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவிலுள்ள செய்தியோடு நான்கு மூலைகளிலுள்ள சிற்றெழுத்துகளும் படிக்கும்படி இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கேமராவுக்குள் போனது அயல் பலகையே ஆனாலும், பார்ப்பது அந்தக் கேமராவின் பழைய கண்தான்.